பிளக் வெளுத்தால் பிஸ்டனுக்கு ஆபத்து
டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு



1980-ல் டி.வி.எஸ். 50 வந்த காலத்திலிருந்தே நம் ஊர்ச் சிறு வியாபாரத்தைச் சுமப்பது மொபெட்தான். இப்போது விற்கும் எக்ஸ்.எல். 100 நாலு ஸ்ட்ரோக் வண்டி. ஆனாலும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உண்டு. மாட்டுத்தாவணியில் காய்கறி ஏற்றுகிறவர், உசிலம்பட்டிப் பக்கம் தவணைக்குத் துணி விற்கிறவர், பழைய இரும்பு எடுக்கிறவர் ஆகியோருக்கு வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நிற்கிறது.

சென்ற கோடையில் அப்படி ஒரு சகோதரர் உதவி கேட்டு நம்மிடம் வந்தார். மேலூர் ரோட்டில் துணி மூட்டையோடு போகும்போது இன்ஜின் பிடித்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் பக்கவாட்டில் சுரண்டிப் போயிருந்தது. விசாரித்ததில், "மைலேஜுக்காகப் பெட்ரோலைக் குறைத்து வைக்கச் சொன்னேன் பாய். சூடு ஏறினால் இழுக்காது, நிழலில் ஆறவிட்டு எடுப்பேன்" என்றார். வண்டி முன்கூட்டியே எச்சரித்திருக்கிறது, அவருக்குத்தான் அது புரியவில்லை. இந்த நிலை மற்றவர்களுக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கலவை குறைந்தால் என்ன ஆகும்?

பெட்ரோல் சரியாக எரிய, எடைக்கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று கூடி பெட்ரோல் குறைந்தால் அதை 'லீன்' என்பார்கள் மெக்கானிக்குகள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் இதனால் இரண்டு கேடுகள் வருகின்றன. உள்ளே வரும் பெட்ரோல்தான் பிஸ்டனைக் கொஞ்சம் குளிர்விக்கிறது, அது குறைந்தால் சூடு ஏறும். ஆயிலும் பெட்ரோலோடு கலந்தே வருவதால், பெட்ரோல் குறையும்போது ஆயிலும் குறைகிறது. சூட்டில் விரிந்த பிஸ்டன் வழுவழுப்பும் இல்லாமல் சிலிண்டரைக் கவ்விக்கொள்கிறது. 'சீஸ்' ஆவது என்பது இதுதான்.

வண்டி காட்டும் அடையாளங்கள்

* இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகும்.
* ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் உடனே இறங்காது, இரைந்துகொண்டே இருக்கும்.
* திடீரெனத் திருகினால் ஒரு நொடி திணறும், கார்புரேட்டர் பக்கம் 'பட்' என்று தும்மும்.
* பாலம் ஏறும்போதோ சுமையோடு நீண்ட தூரம் ஓடும்போதோ இழுவை குறையும், ஆறவிட்டால் சரியாகும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள்

முதலாவது பிளக் சோதனை. போக்குவரத்து இல்லாத ரோட்டில் இரண்டு மூன்று கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டி, ஐடிலிங்கில் விடாமல் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். நன்றாக ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி நடுவில் உள்ள பீங்கானைப் பாருங்கள். காபித்தூள் நிறம் என்றால் கலவை சரி. கருத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியதுபோல இருந்தால் லீன். பிளக் அன்றுதான் மாற்றியது என்றால் நிறம் பிடிக்கச் சில நாள் ஆகும், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

இரண்டாவது சோக் சோதனை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சூடான இன்ஜினைத் திணறும் வேகத்தில் வைத்துச் சோக்கைச் சிறிது போடுங்கள். திணறல் நீங்கினால் பெட்ரோல் பற்றாக்குறை உறுதி. இன்னும் மோசமானால் கோளாறு வேறு.

காரணம் எங்கே இருக்கிறது?

எடுத்தவுடன் கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகக்கூடாது. முதலில் பெட்ரோல் வரத்தைப் பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு, திறந்தவெளியில், அருகில் பீடி, அடுப்பு எதுவும் இல்லாதபோது, குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றிப் பாட்டிலில் விடுங்கள். சீராக ஓட வேண்டும். சொட்டினால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் ஓடினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. திறந்தும் ஓடாவிட்டால் டேப்பிலோ ஃபில்டரிலோ அழுக்கு.

அடுத்தது ஜெட். தூசி படிந்தால் அதன் சிறு துளை அடைபடும். கிளீனர் விட்டுக் காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, அளவே மாறிவிடும்.

மூன்றாவது, வேண்டாத வழியில் காற்று புகுவது. கார்புரேட்டரும் இன்ஜினும் சேரும் இடத்தில் கேஸ்கட் கிழிந்தாலோ போல்ட் தளர்ந்தாலோ அங்கே காற்று இழுக்கும். ஐடிலிங்கில் அந்த இடத்தில் சோப்பு நுரை தடவினால் நுரை உள்ளே போகும், இன்ஜின் சத்தம் மாறும். மேக்னெட் பக்க ஆயில் சீல் தேய்ந்தாலும் இப்படியே ஆகும். ஆனால் அது வெளியே தெரியாது, மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். அவரிடம் "வண்டி ஓடலை" என்று மட்டும் சொல்லாமல், "பிளக் வெள்ளையா இருக்கு, சோக் போட்டா சரியாகுது" என்று சொல்லுங்கள். பாதி வேலை மிச்சம்.

ஆயில் கணக்கும் எத்தனாலும்

50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 3 லிட்டருக்கு 60 மில்லி. உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். சூடாகிறதே என்று ஆயிலைக் கூட்டி ஊற்றுவது மருந்தல்ல. ஜெட் வழியாக வருவதில் ஆயில் கூடினால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும், கலவை மேலும் லீன் ஆகும்.

இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும். பழைய கார்புரேட்டர் இதை அறியாமல் அதே காற்றை விடுவதால் கலவை சற்று லீன் பக்கம் சாய்கிறது. எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் சீலையும் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஆகவே மைலேஜுக்காக ஏற்கெனவே பெட்ரோலைக் குறைத்து வைத்த வண்டிக்கு ஆபத்து இரட்டிப்பு.

வயலில் மருந்தடிக்கும் டூ ஸ்ட்ரோக் ஸ்பிரேயருக்கும், ராமநாதபுரம் கடற்கரையில் படகில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கும் இதே விதிதான்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. "வண்டி சூடாகுது, ஆறவிட்டு ஓட்டுறேன்" என்று வீட்டில் யாராவது சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். அன்றே பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மைலேஜில் மிச்சம் பிடித்த சில ரூபாய், பிஸ்டன் செட்டும் ரீபோரும் என்று வரும்போது பல நாள் சம்பாத்தியத்தைக் கொண்டு போய்விடும். அந்தச் சகோதரரின் வண்டி சரியாகி, இப்போது அவர் மீண்டும் மேலூர் பக்கம் போய் வருகிறார், அல்ஹம்துலில்லாஹ். மாதம் ஒருமுறை பிளக் பார்க்கிறாராம். நாமும் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.