பாலரின் முதல் வருஷப் படிப்பு

நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட நாற்று, வயலில் வேரூன்றிப் பச்சை பிடிக்கும் வரையில் சில நாள் வாடியே நிற்கும். அதற்காக நாற்றைக் கோபிக்கும் குடியானவர் எவருமில்லை. தண்ணீரைக் கவனிப்பதே வழக்கம். செம்பரம்பாக்கத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் ஜூன் மாதத்தில் முதல் வகுப்பில் சேரும் ஐந்து வயதுப் பாலரின் நிலைமையும் இத்தகையதே. அவர்கள் முதற் சில வாரங்களில் அழுவதும், வயிற்றுவலி என்பதும், வாய் திறவாதிருப்பதும் பெரும்பாலும் பிடிவாதத்தாலன்று. இடம் மாறிய வாட்டத்தாலேயாம்.

இதையறியாமல், "வாத்தியாரிடம் சொல்லி அடிக்கச் செய்வேன்" என்று வீட்டார் மிரட்டுவது மிகவும் கெடுதியானது. பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டம் அடியோடு விலக்கியிருக்கிறது. அடியாத உபாத்தியாயரை அடிப்பவராக்கிக் காட்டும் பெற்றோரை விலக்கத்தான் சட்டமில்லை! கடைக்குப் போய் வருவதாக ஏமாற்றி நழுவிச் செல்வதும் தகாது. மாலை மணி அடித்ததும் வருவதாக உண்மையைச் சொல்லி, தவறாமல் அவ்வாறே வந்து நிற்கவேண்டும். நான்கு நாள் சொன்னபடி வந்தால் ஐந்தாம் நாள் அழுகை குறையக் காணலாம். கலியாணம், திருவிழா என்று வாரக்கணக்கில் நிறுத்திக்கொண்டாலோ, பிடித்த வேரைப் பிடுங்கி மறுபடியும் நட்டது போலாகும்.

குழந்தை ஒரு மாதத்திற்குள் பெயரெழுதவில்லையென்று சிலர் குறைகூறுகின்றனர். விரல் திடப்படுமுன் பென்சிலைத் திணிப்பதால் பயனில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதப் பழக்கியது இக்காரணம் பற்றியே போலும். எழும்பூர் அநாதைப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் அம்முறையைத் தம் பள்ளியிலும் கையாண்டு, 1797-ல் லண்டனில் நூலாக வெளியிட்டார். மணலில் தவறினால் தடவி அழித்துவிடலாம். திட்டு வாங்க வேண்டுவதில்லை.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகைகள் அமைந்தன. உபாத்தியாயரும் பாயிலமர்ந்தே போதித்தார். 2022-ல் ஏற்பட்ட "எண்ணும் எழுத்தும்" திட்டம் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவரவர் தேர்ச்சிக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பகுத்துப் பாடலாலும் விளையாட்டாலும் போதிப்பது. ஆகவே வகுப்பில் பாட்டுச் சத்தம் கேட்டால், படிப்பு நடக்கவில்லையென்று அங்கத்தினர்கள் முடிவு செய்துவிடலாகாது.

வீட்டில் தெலுங்கோ ஒடியாவோ பேசும் தொழிலாளர் குழந்தைகளும் இப்பக்கத்துப் பள்ளிகளுக்கு வருகின்றனர். அக்குழந்தை பேசாதிருப்பது மந்தபுத்தியாலன்று. தமிழ் அறிந்த தோழன் ஒருவனைப் பக்கத்தில் அமர்த்துதல் நலம். வீட்டில் பெற்றோர் தம் சொந்தப் பாஷையிலேயே தாராளமாகப் பேசிவரட்டும். அதனால் தமிழ் கெடாது.

பசியோடிருக்கும் குழந்தைக்குப் பாடம் ஏறாது. விடியுமுன் ஆலை வேலைக்குச் செல்லும் தாய்மார் மிகுந்த இவ்வட்டாரத்திற்கு, 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் பேருதவியாகும். அதற்குரிய நேரத்தில் குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வீட்டார் பொறுப்பு.

மேற்படி சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். சங்க அங்கத்தினர் வீட்டுத் தாய்மார் அதில் அமர்ந்து கேட்கவேண்டியவை சிறு விஷயங்களே: கழிப்பிடத்தின் தாழ்ப்பாள் குழந்தையின் கைக்கு எட்டுகிறதா, அங்கே தண்ணீர் வருகிறதா என்பன. கழிப்பிடத்திற்குப் பயந்தே பள்ளிக்கு வர மறுக்கும் பாலருண்டு. பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடந்து பள்ளிக்கு வரவேண்டிய சிறுவர்களை, காலையிலும் மாலையிலும் ஒரு பெரியவர் கூட்டமாக அழைத்துச் செல்லும்படி சங்கத்தார் முறைவைத்து ஏற்பாடு செய்யலாம்.