படிவத்திலிருந்து திரைக்கு – 7: எல்லாப் பாம்புக்கும் ஒரே எண்

வைத்தியசாலை மென்பொருள் ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள் உண்டு. தரவைப் பதிந்து, சேமித்து, தேடித்தரும் நிரல் ஒன்று; அது பொறியாளரின் வேலை. மற்றது உள்ளடக்கம்: நோய்களின் பெயர்ப்பட்டியல், நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகள், வெறுமையாக விடக்கூடாத கட்டங்கள், எச்சரிக்கைகள். இதை எழுத நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் பழகியவர் வேண்டும். காகிதப் படிவங்களின் கதை போன வாரங்களோடு முடிந்தது. மறுபடி சொல்ல இடமில்லை.

இலங்கையில் கைக்கெட்டும் எடுத்துக்காட்டு எச்.எச்.ஐ.எம்.எஸ். என்னும் வைத்தியசாலை மென்பொருள். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் 2011 பதிப்புரிமையோடு, யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளாக வந்தது. நிரற்கோப்புகளின் தலையில் இரண்டு பெயர்கள்: எழுதியவர் துரைராஜசிங்கம் செந்தில்ரூபன், ஆலோசகர் வைத்தியர் டென்ஹாம் போல். இரண்டாவது பெயர் மரியாதைக்காகப் போட்டதல்ல. அதன் தேவையை விளக்கப் புத்தளம் கரையோரத்துப் பாம்பு ஒன்றே போதும்.

நோய்களை வகைப்படுத்த உலகெங்கும் வழங்கும் ஐ.சி.டி.-10 பட்டியலை 1990இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றது. அதில் பாம்பு நஞ்சுக்கு உரிய எண் ரி63.0. நாகத்துக்கும் அதுதான், புடையனுக்கும் அதுதான். கடற்பாம்பும் அதே எண்ணுக்குள் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. புள்ளிவிவரத்துக்கு இது போதும். கட்டில் அருகே நிற்பவருக்குப் போதாது.

கற்பிட்டிப் பக்கம் வலையில் ஏறிய கடற்பாம்பு, மீனைக் கையால் பிரிக்கும்போது கடிக்கிறது. கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. முள் குத்தியதென்று விட்டுவிடுவதும் உண்டு. சில மணி நேரத்தில் உடம்பெங்கும் தசை வலிக்கும், சிறுநீர் கறுக்கும். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். புடையன் கடித்தவருக்கு முதலில் பார்ப்பது வேறு: கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்பது.

மருந்திலும் இதே சிக்கல். இலங்கை வைத்தியசாலைகள் நெடுங்காலமாகப் பாவிக்கும் இந்திய நச்சுமுறி நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை ஆகிய நான்குக்கே செய்யப்படுவது. அதற்கான நஞ்சில் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. இருளர் பிடித்த பாம்பின் நஞ்சு குதிரை உடலில் முறியாகி, கடல் தாண்டிப் புத்தளத்து விடுதிக் குளிர்பெட்டியில் வந்து இருப்பது தனியே ஒரு தொடருக்குரிய கதை! ஆனால் கடற்பாம்புக்கும், இலங்கையில் மிகுதியாகக் கடிக்கும் குழிவிரியனுக்கும் அந்த முறி உதவாது. ஏற்றினால் ஒவ்வாமை ஆபத்து மட்டுமே மிஞ்சும்.

ஐ.சி.டி. பட்டியலை அப்படியே திரையில் இறக்கும் பொறியாளர் ‘பாம்பு நஞ்சு’ என்று ஒரு வரி வைப்பார். வைத்தியரோ கடித்த இடம் கடலா காணியா, பாம்பைக் கண்டவர் உண்டா, சிறுநீர் என்ன நிறம் என்று கேட்கச் சொல்வார். விடைக்கேற்ப அடுத்த பரிசோதனையைத் திரை காட்டவேண்டும். கடித்த பாம்பு தனியாகப் பதிவாகி, பின்னணியில் ரி63.0 தானாக விழுந்தால் புள்ளிவிவரக்காரருக்கும் குறையில்லை. இலங்கை மருத்துவச் சங்கத்தின் பாம்புக்கடி வழிகாட்டி கையில் இருந்தாலும், அதைக் கேள்வியாக வெட்டி வரிசைப்படுத்துவது விடுதியில் வேலை செய்தவருக்கே கைவரும்.

நேரமும் உள்ளடக்கமே. டெங்கு, எலிக்காய்ச்சல் போன்றவற்றைச் சந்தேகித்த உடனே எச்.544 படிவத்தில் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். வீடு செல்லும்போது எழுதும் இறுதி நோய் நிர்ணயத்தோடு மென்பொருள் அந்தப் படிவத்தை எழுப்பினால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டு வாசலுக்குப் போவதற்குள் நுளம்பு அடுத்த வீட்டையும் பார்த்திருக்கும்.

இரண்டு பக்கமும் தெரிந்த வைத்தியர்களைக் கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் உயிர்மருத்துவத் தகவலியல் பாடநெறி மூலம் உருவாக்கி வருகிறது. 2020 ஜனவரியில் சுகாதாரத் தகவல் குழுவான ஹிஸ்ப் ஸ்ரீலங்கா அமைத்த கோவிட் கண்காணிப்புக் கட்டமைப்பில் அத்தகையோரின் கை இருந்தது. பின்னர் பல நாடுகள் அதைத் தழுவின.

இந்த வாரத்துக்கென அறிவித்த மருந்துப் பட்டியலுக்குப் பாம்பு இடம் விடவில்லை. அது அடுத்த இதழில்.