நிறுத்தற் சமிக்ஞையும் ஏடுகளின் பாதுகாப்பும்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரையோரத்தைத் தாக்கியபோது, தாளில் மட்டும் தங்கியிருக்கும் எழுத்தின் நிலையாமையை நாம் உணர்ந்தோம். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் இதற்கு ஒரு மாற்றைக் காட்டின. எனினும், கணினியில் ஏறிய ஏடு தானாகவே பாதுகாப்புப் பெற்றுவிடும் எனக் கருதுதல் தவறாகும்.

நாம் சேமித்த கோப்பை லினக்ஸ் இயங்குதளம் உடனடியாக வட்டில் எழுதிவிடுவதில்லை. விரைவு கருதி அதனை நினைவகத்தில் வைத்திருந்து, வழமையாக ஏறத்தாழ 30 செக்கன்களின் பின்னரே எழுதுகின்றது. நிலுவையிலுள்ள எழுத்தை முடித்து வட்டை ஒழுங்காகக் கழற்றுவதே கோப்பு முறைமையை விடுவித்தலாகும்.

கணினியை நிறுத்தும்போது, இயங்கும் நிரல்களுக்கு முதலில் 15 ஆம் இலக்கச் சமிக்ஞை அனுப்பப்படுகின்றது. இது ஒரு வேண்டுகோள். குறித்த அவகாசத்துள் முடியாதவற்றின் மீது 9 ஆம் இலக்கச் சமிக்ஞை பாய்கின்றது. இதனை எந்த நிரலும் தடுக்க இயலாது. ஒரு நிரலே கோப்பு முறைமையை நடத்துமிடத்து, முதற் சமிக்ஞையை அது கையாளும் முறை முக்கியமானது. சமிக்ஞை வேலையின் நடுவிலும் வரலாம். அக்கணமே விடுவிக்க முனைந்தால், பாதி மாற்றிய தரவு குலையலாம். நிரல் முடங்கியும் போகலாம். ஆகவே, சமிக்ஞை வந்ததைக் குறித்துக்கொள்வது மட்டுமே உடனடிப் பணி. பின்னர், புதிய வேலையை ஏற்காது, கைவேலையை முடித்து, எழுதி, விடுவித்து, இறுதியில் ஓய வேண்டும். மருதமுனை நெசவாளியும் அழைப்புக் கேட்டதும் நாடாவைப் பாவின் நடுவே விட்டு எழுவதில்லை. ஓடிய ஊடையை முடித்தே எழுகின்றார்.

2022 இன் மின்வெட்டுக்கள், மார்ச் 31 இல் 13 மணித்தியாலம் வரை நீண்டவை, பெரும்பாலும் முன்னறிவிக்கப்பட்டவை. அங்கு அவகாசம் இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடெங்கும் மின் நின்றபோது எந்தச் சமிக்ஞையும் வரவில்லை. மின்கலத்துடன் கூடிய தடையில்லா மின்வழங்கி, கணினியுடன் இணைக்கப்பட்டிருப்பின், அந்த அவகாசத்தை உண்டாக்கித் தரும். மாற்றங்களை முற்குறித்துக்கொள்ளும் கோப்பு முறைமைகள் வட்டின் கட்டமைப்பைக் காக்கும். ஆனால் எழுதப்படாத பக்கத்தை மீட்டுத் தரா.

தொழில்நுட்பம் சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்டதன்று. வசதியுள்ள நிறுவனங்களில் மின்வழங்கியும் பயிற்சி பெற்றோரும் உள்ளனர். கரையோரத்தின் சிறிய வாசிகசாலையிலோ ஒரு கணினியும் ஒரு புறவட்டும் ஓர் இளம் ஊழியருமே இருக்கக்கூடும். 'வட்டைப் பிடுங்காதே' என்ற கட்டளையோடு அதன் காரணமும் அவரைச் சென்றடைய வேண்டும். நமது ஏடுகள் இறுதியில் அவரது கைகளிலேயே தங்கியுள்ளன.