ஆள்களப் பெயர் முதலீடு

ஆள்களப் பெயர் முதலீடு என்பது, இணைய முகவரிகளாகப் பயன்படும் பெயர்களைப் பதிவு செய்தோ பிறரிடமிருந்து விலைக்கு வாங்கியோ வைத்திருந்து, பின்னர் தேவைப்படுவோருக்கு விற்கும் தொழிலாகும். பேச்சு வழக்கில் 'டொமைன் வாங்கி விற்பது' என்பர். இதை வீட்டுமனைத் தொழிலோடு ஒப்பிடுவது வழக்கம். ஒப்பீடு பாதியளவே பொருந்தும். மனைக்குப் பத்திரம் உண்டு. அது பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். ஆள்களப் பெயருக்கு அப்படி நிலையான உரிமை கிடையாது. ஆண்டுக் கட்டணம் கட்டும் வரை மட்டுமே அது ஒருவர் பெயரில் இருக்கும். அந்த வகையில் இது குத்தகைக்கு நெருக்கமானது.

தொடக்க காலம்

டாட் காம் முடிவுடைய முதல் பெயர் 1985 மார்ச் 15 அன்று பதிவானது. அதன்பின் பத்தாண்டுகள் பெயர்கள் இலவசமாகவே கிடைத்தன. 1995 செப்டம்பரில்தான் அமெரிக்காவின் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் என்று கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. கட்டணம் வந்த பிறகே பெயருக்கு விலை உண்டு என்ற எண்ணம் பரவியது. இலவசமாகக் கிடைத்தபோது அள்ளிக்கொள்ளாதவர்கள், காசு கேட்டதும் வரிசையில் நின்றார்கள் என்பது இத்தொழிலின் வேடிக்கைகளுள் ஒன்று.

அமெரிக்கரான ரிக் ஷ்வார்ட்ஸ் 1995 இறுதியில் இதில் இறங்கியவர். 1997இல் 15,000 டாலருக்கு வாங்கிய 'மென் டாட் காம்' என்னும் பெயரைச் சில ஆண்டுகளில் 13 இலட்சம் டாலருக்கு விற்றார். 'கேண்டி டாட் காம்' 2009இல் 30 இலட்சம் டாலருக்குக் கைமாறியது. முப்பது ஆண்டு நீண்ட அவருடைய தொழில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால், வாங்கியவை பெரும்பாலும் அகராதியில் உள்ள பொதுச்சொற்கள் என்பதும், விற்க அவசரப்படவில்லை என்பதும் தெரியும். காத்திருக்கும் காலத்தில் அந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்து வந்தவர்களுக்கு விளம்பரங்களைக் காட்டி வருவாய் ஈட்டுவது அன்றைய வழி. தேடுபொறியும் கைப்பேசிச் செயலியும் பெருகியபின் பெயரை நேரடியாகத் தட்டிப் பார்ப்போர் குறைந்து, அந்த வருவாயும் சுருங்கியது.

இந்தியாவில் இத்துறையில் பெரும் பணம் ஈட்டியவர்கள் பெயர்களை வாங்கிக் குவித்தவர்கள் அல்லர். பெயர் விற்கும் கடை வைத்தவர்கள். மும்பையைச் சேர்ந்த பவின், திவ்யாங்க் துராக்கியா சகோதரர்கள் 1998இல் தொடங்கிய டைரக்டி நிறுவனம் பெயர்ப் பதிவுச் சேவையில் வளர்ந்தது. அதன் பதிவுச் சேவைப் பிரிவுகளை 2014இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று வாங்கியது. அதே குழுமத்தின் ராடிக்ஸ், டாட் ஆன்லைன், டாட் ஸ்டோர் போன்ற முடிவுகளையே நிருவகிக்கிறது.

கணக்கு

செய்தித்தாள்களில் வருவது விற்ற பெயர்களின் கதை மட்டுமே. இந்திய வம்சாவளியினரான தர்மேஷ் ஷா 2023இல் 'சாட் டாட் காம்' பெயரை 1.55 கோடி டாலருக்கு வாங்கி, பின்னர் ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்குக் கொடுத்தது அத்தகைய கதை. விற்காத பெயர்களின் கணக்கு எங்கும் அச்சாவதில்லை.

டாட் காம் பெயர் ஒன்றுக்குப் பதிவகம் பெறும் மொத்த விலை 2024 முதல் ஆண்டுக்கு 10.26 டாலர். 1,000 பெயர்கள் வைத்திருப்பவர் ஆண்டுக்குக் குறைந்தது 10,260 டாலர் கட்ட வேண்டும். நூறில் ஒன்றோ இரண்டோ விற்றாலே நல்ல ஆண்டு என்பது தொழிலில் உள்ளோர் பேச்சு. நூறில் ஒன்று வீதம் பத்துப் பெயர்கள் விற்றால், ஒவ்வொன்றும் சராசரியாக 1,026 டாலருக்குப் போனால்தான் கட்டணச் செலவே ஈடாகும். வாங்கிய விலை, தரகு, வரி எல்லாம் அதற்கு மேல். ஆகவே நீண்ட காலம் நிலைத்தவர்கள் எதை வாங்குவது என்பதைவிட எதைக் கைவிடுவது என்பதைக் கற்றவர்கள். கட்டணம் தவறிய டாட் காம் பெயர் உடனே போய்விடுவதில்லை. பதிவாளர் தரும் சலுகைக் காலம், கூடுதல் கட்டணத்தில் மீட்க 30 நாள்கள், நீக்கத்துக்கு முந்திய 5 நாள்கள் ஆகியவை கடந்தபின் யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதற்காகவே விழித்திருக்கும் கணினிகள் பல உண்டு.

சட்டமும் சிஃபி வழக்கும்

பொதுச்சொல்லை வாங்கி வைப்பது முதலீடு. பிறருடைய வணிகப் பெயரை முன்கூட்டியே பதிந்து விலை பேசுவது பெயர்ப் பறிப்பு. இரண்டையும் பிரிக்கும் கோடு இந்தியாவில் தெளிவானது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் வழக்கால்தான்.

சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து 'சிஃபி' என்னும் சொல்லை உருவாக்கி, 1999இல் அதன் அடிப்படையில் பல ஆள்களப் பெயர்களைப் பதிந்தது. பின்னர் வேறொரு நிறுவனம் ஓர் எஃப் எழுத்தைக் கூட்டி, கேட்க ஒரே ஓசையுள்ள பெயர்களைப் பதிந்து இணைய வணிகம் தொடங்கியது. தங்கள் பங்குதாரர் ஐவரின் பெயர்களுடைய முதலெழுத்துகளைச் சேர்த்தே அப்பெயர் அமைந்தது என்பது அவர்கள் வாதம். பெங்களூரு உரிமையியல் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. 2004 மே மாதம் உச்சநீதிமன்றம் தடையை மீட்டது. முதலெழுத்து விளக்கத்தை அது ஏற்கவில்லை. ஆள்களப் பெயர் வெறும் முகவரி அன்று, வணிகத்தை அடையாளம் காட்டும் பெயருமாகும். தனிச் சட்டம் இல்லாவிடினும் வணிகக்குறிச் சட்டப் பாதுகாப்பு அதற்கு உண்டு என்று தீர்ப்பளித்தது.

மறுஆண்டே டாட் இன் பெயர்கள் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டன. அதற்கென நிக்சி அமைப்பு தகராறு தீர்வுக் கொள்கை ஒன்றையும் கொண்டுவந்தது. நீதிமன்றம் செல்லாமல் நடுவர் முன் முறையிட இது வழி செய்கிறது. பன்னாட்டளவில் ஐகான் அமைப்பின் கொள்கை 1999 முதல் உள்ளது. பெரிய நிறுவனம் சிறியவரின் நேர்மையான பெயரைப் பறிக்க இந்த வழியையே தவறாகப் பயன்படுத்துவதும் நடக்கிறது. அப்படிச் செய்ததாக நடுவர்கள் பதிவு செய்த தீர்ப்புகளும் உள்ளன.

ஊர்ப்பெயர்கள்: ஜமுனாமரத்தூர் எடுத்துக்காட்டு

வணிகக்குறிக்கு இருக்கும் பாதுகாப்பு ஊர்ப்பெயருக்கு அவ்வளவு இல்லை. பார்சிலோனா நகராட்சி தன் பெயரிலுள்ள டாட் காம் முகவரியைக் கேட்டு, முதலில் நடுவர் முன் வென்றும், 2003இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. ஊர்ப்பெயர் எவருக்கும் தனியுரிமை அன்று என்பது அதன் சாரம். பெரிய நகராட்சிக்கே இந்நிலை என்றால் மலைக்கிராமம் ஒன்றின் நிலை விளங்கும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலைமீது அமைந்த ஊர் ஜமுனாமரத்தூர். மலையாளி பழங்குடியினர் மிகுதியாக வாழும் இப்பகுதியில் சாமையும் தேனும் முக்கிய விளைபொருள்கள். மலைத்தேனை இடைத்தரகர் இன்றி இணையத்தில் விற்க விரும்பும் குழு ஒன்றுக்கு மலையின் பெயரே சிறந்த விளம்பரம். ஆனால் எந்த எழுத்துக்கூட்டலில் பதிவது? ஆங்கில எழுத்தில் 'ஜவ்வாது' என்பதன் நடுவில் ஒற்றை வி, இரட்டை வி, டபிள்யூ மூன்றும் வழங்குகின்றன. அடுத்த மெய் டி என்றும் டி-எச் என்றும் வருகிறது. முடிவு ஐ அல்லது யு. பெருக்கினால் பன்னிரண்டு வடிவங்கள். 'மரத்தூர்' என்பதன் இறுதியில் ஒரு யு போடுவாரும் உண்டு, இரண்டு ஓ போடுவாரும் உண்டு. ஒன்றைப் பதிந்துவிட்டு மற்றதை விட்டால், அதை வேறொருவர் பதிந்து வேறு தேனை விற்கலாம். எல்லாவற்றையும் பதிந்தால் கட்டணம் பன்னிரண்டு மடங்கு. தமிழ்ப் பெயர்கள் முதலீட்டாளர்களிடையே அதிகம் எடுபடாததற்கு இந்த எழுத்துக் குழப்பமும் ஒரு காரணம். காதால் கேட்டதும் தவறின்றித் தட்டச்சு செய்யக்கூடிய பெயருக்கே அவர்கள் விலை தருவார்கள்.

தமிழ் எழுத்திலேயே பதிந்தால் இச்சிக்கல் பெரிதும் குறையும். ஜவ்வாது, சவ்வாது என்னும் இரண்டு வடிவங்களோடு முடிந்துவிடும். இதற்கு வழிசெய்யும் 'டாட் இந்தியா', 'டாட் இலங்கை', 'டாட் சிங்கப்பூர்' என்னும் தமிழ் முடிவுகள் 2010-11ஆம் ஆண்டுகளிலேயே ஒப்புதல் பெற்றன. உள்ளே இவை எக்ஸ்-என் எனத் தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றப்பட்டே கணினிகளுக்கிடையே செல்கின்றன. பயனர் கண்ணுக்குத் தமிழே தெரியும். எனினும் தமிழ் முகவரியை ஏற்காத மின்னஞ்சல் சேவைகளும் இணையப் படிவங்களும் இன்னும் இருப்பதால், தமிழ்ப் பெயரைப் பதிவோர் துணைக்கு ஓர் ஆங்கில எழுத்துப் பெயரையும் வைத்திருக்க வேண்டியுள்ளது.