முதுகு தரையில் பட்டால்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் எங்கள் வகுப்பு நடக்கிறது. ஒரு நாள் ஒரு அக்கா, மளிகைச் சாமான் மடித்து வந்த பழைய செய்தித்தாளை எழுத்துக் கூட்டிப் படித்தார். 2022 ஆகஸ்ட் மாதச் செய்தி அது. காமன்வெல்த் விளையாட்டில் விஜய்குமார் யாதவ் ஜூடோவில் 58 விநாடியில் வென்று, வெண்கலப் பதக்கம் பெற்றார்.

"நாலு நிமிட ஆட்டமாமே. மீதி மூன்று நிமிடம் என்ன செய்தார்கள்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. மீதி ஆட்டமே கிடையாது!

ஜூடோ ஜப்பான் நாட்டு மல்யுத்தம். 1882-இல் கானோ ஜிகோரோ என்ற ஆசிரியர் இதைத் தொடங்கினார். இதில் குத்து இல்லை, உதை இல்லை. எதிராளியின் சட்டையைப் பிடித்து, நிலைகுலைய வைத்து, தூக்கிப் போட வேண்டும். அவர் வேகமாக, முதுகு நன்றாகத் தரையில் படும்படி விழ வேண்டும். உடனே நடுவர் கையை நேராக மேலே தூக்கி "இப்போன்" என்பார். இப்போன் என்றால் ஒரு முழுப் புள்ளி. அதோடு ஆட்டம் முடிந்தது.

குப்புற விழுந்தால் இப்போன் இல்லை. 'மீசையில் மண் ஒட்டவில்லை' என்று நாம் கேலி பேசுவோம். ஜூடோவில் குப்புற விழுந்தவர் நிஜமாகவே தப்பித்துக்கொள்வார்.

மல்லாக்கப் போட்டு 20 விநாடி அமுக்கிப் பிடித்தாலும் இப்போன்தான். வீச்சில் கொஞ்சம் குறை இருந்தால் 'வாசாரி', அதாவது அரை வெற்றி. இரண்டு வாசாரி சேர்ந்தால் ஓர் இப்போன்.

ஒரு வாசாரி எடுத்தவர் நிம்மதியாக இருக்க முடியுமா? துலிகா மானைக் கேட்டால் தெரியும். இவர் டெல்லிப் பெண். அப்பா இல்லை. அம்மாவுக்குப் போலீஸ் வேலை. அம்மா வேலை முடிந்து வரும்வரை பிள்ளை ஜூடோ வகுப்பில் இருந்தாள். அப்படித்தான் இந்த விளையாட்டைக் கற்றாள்.

அதே 2022 போட்டியின் அரையிறுதியில் துலிகா பின்தங்கியிருந்தார். திடீரென்று இப்போன் எடுத்து, நியூசிலாந்துப் பெண்ணை வென்றார். இறுதி ஆட்டத்தில் துலிகாதான் ஒரு வாசாரி முன்னால் இருந்தார். நேரம் முடியப் போகிறது. அப்போது ஸ்காட்லாந்தின் சாரா ஆட்லிங்டன் அவரை முதுகு படும்படி சாய்த்துவிட்டார். இப்போன்! தங்கம் சாராவுக்கு, வெள்ளி துலிகாவுக்கு.

2024-இல் துலிகா பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனார். முதல் ஆட்டத்திலேயே கியூபாவின் இடாலிஸ் ஓர்டிஸ் இப்போன் எடுத்தார். எத்தனை விநாடி என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அக்கா '28' என்று படித்தார். பிறகு வாயில் கை வைத்துக்கொண்டார்.