வீடியோ கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றும்போது சத்தம் ஏன் விட்டு விட்டு வருகிறது?

உங்கள் வீட்டுப் பரணிலும் கல்யாண கேசட், மாங்கனித் திருவிழா கேசட் என்று ஏதாவது கிடக்கும். எங்கள் வீட்டில் இருப்பது 1999இல் நடந்த பெரியப்பா கல்யாணம். அதில் தாத்தா நாலு நிமிஷம் பேசுகிறார். நான் பிறப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அவர் குரல் வேறு எங்கேயும் இல்லை. நம்ம ஊர் கடல் காற்றுக்கு டேப்பில் பூஞ்சை பிடிக்கும், ஓட்ட ஓட்டத் தேயவும் செய்யும். அதனால் பெரியப்பா வீட்டு அண்ணன் தன் லினக்ஸ் கம்ப்யூட்டரில் யூஎஸ்பி கேப்சர் கார்டு மாட்டி அதை ஏற்றினார். படம் நன்றாக வந்தது. தாத்தா பேச்சு மட்டும் "எல்... ரும் சாப்... போ..." என்று வந்தது!

விசிஆரை நேராக டிவியில் மாட்டிப் பார்த்தோம். சத்தம் தெளிவாக இருந்தது. அப்போ கேசட்டில் குறை இல்லை.

காரணம் இதுதான். சத்தத்தை ஒரு செகண்டுக்கு 48,000 தடவை அளந்து கார்டு எண்களாக அனுப்புகிறது. டிரைவர் என்கிற புரோகிராம் அவற்றை வாங்கி பஃபர் என்ற இடத்தில் வைக்கும். ரெக்கார்டு செய்யும் புரோகிராம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளணும். தெருக்குழாயை நினைச்சுக்குங்க. குழாயை மூட முடியாது. குடம் நிறைவதற்குள் அடுத்த குடம் வைக்கணும். பக்கத்து வீட்டு அக்காவோடு பேச்சில் நின்றால் தண்ணீர் வழிந்து சாக்கடைக்குப் போயிடும். அப்படி வழிந்து போனதுதான் தாத்தாவின் பாதி வார்த்தைகள். இதற்கு ஓவர்ரன் என்று பெயர்.

கம்ப்யூட்டர் யாரோடு பேச்சில் நின்றது? படத்தோடு! ஒரு படத்தில் 720 பெருக்கல் 576 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட், செகண்டுக்கு 25 படம். கணக்குப் போட்டால் 2 கோடி பைட்டுக்கு மேல் வரும். சத்தம் வெறும் 1,92,000 பைட்தான். அவ்வளவு பெரிய படத்தை ஏற்றும்போதே சுருக்கவும் சொல்லியிருந்தார் அண்ணன். பாவம், அது பழைய கம்ப்யூட்டர். படத்தில் ஒன்று விட்டுப் போனால் கண்ணுக்குத் தெரியாது. காது உடனே கண்டுபிடித்துவிடும்.

இது சரிதானா என்று பார்க்க, ஏரெக்கார்ட் என்ற கட்டளையால் சத்தத்தை மட்டும் பத்து நிமிஷம் ஏற்றினோம். (இதற்கு ஒரு பழைய சினிமா கேசட் போதும், தாத்தாவைத் தேய்க்க வேண்டாம்!) ஒரு ஓவர்ரன்கூட வரவில்லை. வந்திருந்தால் டிரைவரையோ வயரையோ சந்தேகப்பட்டிருப்போம்.

பிறகு சுருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அப்படியே ஏற்றினோம். ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி ஆகும், டிஸ்கில் இடம் பார்த்துக்கணும். சுருக்குவதை அப்புறம் நிதானமாகச் செய்யலாம். எஃப்எஃப்எம்பெக் புரோகிராமில் த்ரெட் க்யூ சைஸ் என்பதை 1024 ஆக்கினோம். அது குடத்துக்குப் பதில் அண்டா வைத்த மாதிரி. ஆனால் தண்ணீர் எடுப்பவர் எப்பவுமே மெதுவாக இருந்தால் அண்டாவும் வழியும். அதனால் அண்டாவை மட்டும் நம்பாதீங்க.

"எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று தாத்தா முழுசாகச் சொன்னார். அப்பா அதை மூன்று தடவை போடச் சொன்னார்.

பிரான்சில் சொந்தக்காரர்கள் இருக்கிற வீடுகளுக்கு ஒரு விஷயம். அங்கே எடுத்த பழைய கேசட் சீகாம் முறையில் இருக்கலாம். நம்ம ஊர் பால் முறையில் ஏற்றினால் கலர் வராது, செட்டிங்கை மாற்றணும். எந்த கேசட்டானாலும் டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் விசிஆரில் போடாதீங்க. முதலில் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்க.