கரண்டிக் காம்புக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்



கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு நம்ம தோட்டப் பக்கமிருந்தும் சிலர் போய்வருவதுண்டு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஊர். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு பயணம் லேசாகிவிட்டது. ஒருமுறை போனபோது மதினி முறையான ஒருவர் வீட்டில் தங்கினேன். காலையில் அவர் சில்வர் கரண்டியைக் கறிச்சட்டியிலேயே விட்டுவிட்டு அடுப்பை ஊதினார். கொஞ்ச நேரத்தில் கரண்டிக் காம்பு "உஸ்" என்றது. காம்பு நுனியிலிருந்த ஊசித் துவாரத்தால் கொதிதண்ணி பீச்சி அவர் மணிக்கட்டில் பட்டது. பச்சைத் தண்ணீரை 20 நிமிடம் ஊற்றச் சொன்னேன். பற்பசை பூச விடவில்லை.

அந்தத் தண்ணி எப்படி உள்ளே போனது? காம்பு குழாய் மாதிரி, உள்ளே காற்றுத்தான். சூட்டில் காற்று விரியும், குளிர்ந்தால் சுருங்கும். சுடச்சுடக் கரண்டியைக் கழுவுற தண்ணிக்குள் போட்டால், சுருங்குகிற காற்று துவாரத்தால் அழுக்குத் தண்ணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாம் கழுவுவதாக நினைக்கிறோம், அது குடிக்கிறது! பிறகு அடுப்பில் சூடேறினால் தண்ணி ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகும். துவாரம் கரியால் அடைபட்டிருந்தால் காம்பே வெடிக்கலாம். ஆகவே காயவைக்கிறேன் என்று கரண்டியை நெருப்பில் காட்டவே வேண்டாம். ஆறவிட்டுக் கழுவுங்கள்.

ஏற்கெனவே தண்ணி நின்றால் காதருகே ஆட்டிப் பாருங்கள், சத்தம் கேட்கும். துவாரம் கீழே பார்க்கும்படி துணியால் பிடித்து, காம்பின் மேல் சுடுதண்ணி ஊற்றுங்கள். உள்ளே விரியும் காற்றே அழுக்கைத் தள்ளிவிடும். நாற்றம் போக, அந்தச் சூட்டோடு துவாரத்தைத் தேசிக்காய்ப் புளி கலந்த சுத்தத் தண்ணியில் வையுங்கள், அது உறிஞ்சிக்கொள்ளும். ஆட்டி, மறுபடி சுடுதண்ணி ஊற்றி வெளியேற்றுங்கள். இரண்டு மூன்று தடவை செய்து, துவாரம் கீழே இருக்க வெயிலில் தொங்கவிடுங்கள்.

சோத்துப் பானையின் வாய் மடிப்பும் இதே கதைதான். மடிப்பின் இடுக்கு அநேகமாக வெளிப்பக்கம் கீழ்நோக்கி இருக்கும். பானையைக் கவிழ்த்தால் அந்த இடுக்கு மேலே பார்க்கும்; தண்ணி அதிலேயே தங்கும். கவிழ்த்து வடிந்ததும் நிமிர்த்தி வெயிலில் வையுங்கள். மடிப்புக்குள் இரும்புக் கம்பி இருந்தால் துருத்தண்ணி ஒழுகும். வாவியோரத்துக் கிணறுகள் சிலவற்றில் உவர்த்தண்ணி. உப்பு தங்கினால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துக் குழிவிழும். நம்ம பீலித் தண்ணியில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் உப்புப் போட்டுச் சமைத்த பானை என்றால் நமக்கும் உண்டு. அலுமினியத்தைச் சலவைச் சோடாவில் ஊறவைக்காதீர்கள், அரித்துவிடும். புளி தேய்த்தால் பளபளக்கும்; உடனே கழுவிவிடுங்கள்.

இடுக்கை அடைக்கப் பற்றாசு வைக்க வேண்டாம். சில பற்றாசில் காரீயம் உண்டு, பிள்ளைகளுக்கு நஞ்சு. மலைக்குக் கொண்டுபோகிற பிளாஸ்க் மூடியையும் ஆட்டிப் பாருங்கள், பால் தேத்தண்ணி உள்ளே போய்ப் புளித்திருக்கும்.

மதினி அந்தக் கரண்டியைச் சுத்தம் செய்து சோறு பரிமாற மட்டும் வைத்திருக்கிறார். கறி கிண்டுவதற்கு இப்போது சிரட்டை அகப்பை.